யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்? கொங்கு நாட்டில் ஒரு மின்சார எஸ்யூவியின் செலவுக் கணக்கு

முதல் நாள்: ஈரோட்டிலிருந்து கோவைக்கு

நூற்பாலையில் மின்பொறியாளராக இருப்பவர்கள் காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது முந்தைய நாளின் யூகேஜி எவ்வளவு என்பதைத்தான். ஒரு கிலோ நூலை நூற்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆனது என்ற அந்த ஒற்றை எண்ணில் இயந்திரத்தின் நிலை, பஞ்சின் தரம், கூடத்தின் ஈரப்பதம், ஆட்களின் கவனம் எல்லாமே வந்து சேர்ந்துவிடும். நானும் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால், ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் என் பெரியப்பா மகன் பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50 என்ற மின்சார எஸ்யூவியை வாங்கியபோது, அதன் வேகத்தையும் இருக்கைகளையும் விட அது ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் கேட்கும் என்பதை அறியவே எனக்கு ஆவல் மிகுந்தது.

“பழைய டீசல் வண்டி லிட்டருக்குப் பத்தரை கொடுத்துச்சு தம்பி. இது என்ன கொடுக்குதுன்னு கேக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியலை. கூட வந்து ஒருக்கா கணக்குப் போட்டுக் குடு” என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால், ஆடி மாதக் காற்று வீசும் இந்த வாரத்தில் கோவை, பொள்ளாச்சி, வால்பாறை, உடுமலை, தாராபுரம் என்று சுற்றி ஈரோடு திரும்பும் பயணத்துக்கு நானும் ஏறிக்கொண்டேன். அண்ணியும் அவர்கள் மகளும் பின்னிருக்கையில் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாளின் கணக்கையும் அன்றிரவே எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில எண்கள். இதன் மின்கலத்தின் மொத்தக் கொள்ளளவு 111.5 கிலோவாட் மணி (ஒரு கிலோவாட் மணிதான் நாம் சொல்லும் ஒரு யூனிட்). அதில் ஓட்டத்துக்குக் கிடைப்பது 105 யூனிட் அளவு. ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை முறையில் இதற்கு 635 கி.மீ. வரை கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர். வண்டியின் எடை மட்டும் இரண்டரை டன். நாங்கள் நால்வரும் பெட்டிகளும் சேர்ந்தால் 2,850 கிலோவை நெருங்கும். இத்தனை பெரிய உடலுக்குக் காற்றுத்தடைக் குணகம் 0.25 மட்டுமே என்பது மெச்சத்தக்கது. எஸ்யூவிகளில் 0.30க்கு மேல் இருப்பதே வழக்கம்.

பெருந்துறையைக் கடந்து நான்குவழிச் சாலையில் ஏறியதும், விஜயமங்கலம் சுங்கச்சாவடிக்குப் பிறகு ஒரு நீண்ட தொலைவுக்கு அண்ணனை 80 கி.மீ. வேகத்திலேயே மாறாமல் ஓட்டச் சொன்னேன். அதில் யூனிட்டுக்கு 4.8 கி.மீ. வந்தது. பிறகு அவிநாசிப் பக்கம் 100 கி.மீ. வேகத்தில் அதே போல ஓட்டியபோது 4.1 ஆகக் குறைந்தது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 80இலிருந்து 100க்குப் போகும்போது அந்தத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. டயர் உருளும் தடையோ வேகத்தால் பெரிதாக மாறுவதில்லை. எடையைப் பொறுத்தது அது. ஆகவேதான் மொத்தச் செலவு ஒன்றரை மடங்காகாமல் ஆறில் ஒரு பங்கு அளவில் நின்றது.

ஆனால் 80 கி.மீ. வேகத்திலும் ஆறு கிலோமீட்டரைத் தொடாததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஈரோடு கடல்மட்டத்திலிருந்து 180 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை 410 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்றத்தில் இந்த எடையைத் தூக்க மட்டும் ஏறத்தாழ 1.8 யூனிட் வேண்டும். மற்றொன்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து எதிரே வந்த காற்று. வண்டி 80இல் போனாலும் காற்றைப் பொறுத்தவரை அது 95இல் போவதற்குச் சமம். இந்தக் காற்றைப் பற்றித் திரும்பும் வழியில் விரிவாகப் பார்க்கலாம்.

கோவைக்குள் நுழையும் முன் ஒரு பொது மின்னேற்ற நிலையத்தில் நிறுத்தினோம். முதலில் போன இடத்தில் இயந்திரம் வேலை செய்யவில்லை. அடுத்த இடத்தில்தான் கிடைத்தது. யூனிட்டுக்கு 24 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 25 யூனிட் ஏற்றியதற்கு 708 ரூபாய் ஆனது, அதாவது யூனிட்டுக்கு 28 ரூபாய் 32 காசு. வண்டி 195 கிலோவாட் வரை வாங்கக்கூடியது என்றாலும் அந்த இயந்திரம் 60 கிலோவாட் மட்டுமே கொடுக்கக்கூடியது. விலை உயர்ந்த வண்டி என்பதற்காக அது வேகமாகக் கொடுத்துவிடாது. இன்றைய ஓட்டத்தின் சராசரியான 4.4 கி.மீ. கணக்கில் பார்த்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 44 காசு. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் பழைய வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 86 காசு. மிச்சம் இருக்கிறது, ஆனால் ஊரில் பேசிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

இரண்டாம் நாள்: கோவையும் பொள்ளாச்சியும்

காலையில் அவிநாசி சாலையிலும் காந்திபுரத்திலும் சில வேலைகள் இருந்தன. நெரிசலில் நின்று நின்று போகும்போது டீசல் வண்டிகள் வீணாக எரிக்கும். இது பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இருந்தும் நகருக்குள் யூனிட்டுக்கு 4.5 கி.மீ. தான் கிடைத்தது. வெயிலில் நிறுத்திய வண்டியைக் குளிர்விக்க ஏசி இழுத்ததே காரணம். நின்றுகொண்டே ஏசி ஓடினால் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை போகிறது. வேகமாக ஓடும்போது இந்தச் செலவு பல கிலோமீட்டரில் பரவிவிடும். நகரத்தில் பரவ இடம் இல்லை.

கோவை இப்படி ஒரு மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு உரிமையுள்ள ஊர். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் இங்கு வந்து சேர்ந்ததால்தான் பஞ்சாலைகள் இவ்வளவு பெருகின. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் இங்கேயே உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இந்த வண்டியின் மோட்டாரில் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம் கிடையாது. சுருளுக்கு மின்சாரம் கொடுத்தே காந்தப்புலத்தை உண்டாக்குகிறார்கள். அரிய மண் உலோகங்கள் தேவைப்படாமல் போவது ஒரு நன்மை. வண்டி தன் வேகத்திலேயே உருளும்போது புலத்தை அணைத்துவிடலாம் என்பதால் வீண் இழுவை இல்லாமல் போவது இன்னொரு நன்மை. மோட்டார் கட்டும் தொழிலில் ஊறிய ஊரில் இதைப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

மதிய உணவு அண்ணியின் பெற்றோர் வீட்டில். அரிசியும் பருப்பும் சாதத்தை முடித்துவிட்டு உட்கார்ந்தபோது அண்ணனின் மாமனார் கேட்டார்: “வெளிய எதுக்குங்க மாப்பிள்ளை காசு குடுக்கறீங்க? வீட்டுலயே ஏத்திக்கலாமில்லைங்க. மொத நூறு யூனிட் இலவசம்தானுங்களே.”

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இதற்குள் இருக்கும் கணக்கைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பயன்பாடு கூடக் கூட விலையும் கூடும் படிநிலைகளில் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்பது உண்மை. ஆனால் அந்த நூறை மின்விசிறியும் குளிர்பெட்டியும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன; வண்டி எப்போதும் வரிசையின் கடைசியில்தான் வந்து நிற்கிறது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டில் 101 முதல் 200 வரைக்கான பாதிக் கட்டணச் சலுகையும் போய்விடும். அதற்கு மேல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு, 800 வரை 9 ரூபாய் 65 காசு, 1,000 வரை 10 ரூபாய் 70 காசு, அதற்கும் மேல் 11 ரூபாய் 80 காசு.

அண்ணன் வீட்டில் வண்டி வருவதற்கு முன்பே இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஆகிக்கொண்டிருந்தது. வியாபாரத்துக்காக அவர் ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓடுபவர்; இரண்டு மாதத்துக்கு 5,000. வண்டியின் திரை காட்டுவது மின்கலத்திலிருந்து வெளியே போன கணக்கு மட்டும்தான். சுவரிலிருந்து மின்கலத்துக்குள் போகும் வழியில் வெப்பமாகப் போகும் பத்து சதவீதத்தைச் சேர்த்தால், வீட்டு மீட்டரில் விழுவது யூனிட்டுக்கு 4.7 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக, வண்டிக்கு மட்டும் 1,064 யூனிட். அதில் 200 யூனிட் 9 ரூபாய் 65 காசிலும், 200 யூனிட் 10 ரூபாய் 70 காசிலும், மீதி 664 யூனிட் 11 ரூபாய் 80 காசிலும் விழும். மொத்தம் 11,905 ரூபாய். சராசரி யூனிட்டுக்கு 11 ரூபாய் 19 காசு. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் முப்பத்து எட்டு காசு ஆகிறது.

“அப்போ இலவசம் ஒண்ணும் நமக்கில்லைங்க” என்றார் அவர். “இல்லைங்க மாமா, ஆனா வெளியில ஏத்தறதுல பாதிகூட ஆகலைங்க” என்று அண்ணன் சொன்னார். இரண்டுமே சரி. சிறிய மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு மாதம் முப்பது, நாற்பது யூனிட்தான் வேண்டும் என்பதால் அவர் கீழ்ப்படியிலேயே தங்கிவிடுகிறார். பெரிய வண்டிதான் வீட்டையே உச்சப் படிக்குத் தூக்குகிறது. இது நியாயமான முறை என்றே நான் நினைக்கிறேன்: ஒரு கோடிக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு உச்ச விலையில் மின்சாரம் வாங்குவதில் யாருக்கும் குறை இருக்கக்கூடாது.

மாலையில் பொள்ளாச்சி வழியாக ஆனைமலைப் பக்கம் உள்ள என் அத்தை வீட்டுத் தென்னந்தோப்புக்கு வந்தோம். யூனிட்டுக்கு 5.2 கி.மீ. வீட்டில் ஒற்றை பேஸ் இணைப்புதான். வண்டியோடு வந்த கையடக்கக் கருவியை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டவேண்டும் என்று இடம் தேடியபோது மாமா கிணற்றடியைக் காட்டினார். “தோட்டத்து சர்வீஸ்ல சொருகிக்க கண்ணு, அங்க பில்லே கிடையாது” என்றார் அன்போடு.

அவர் மனம் நோகாமல் மறுத்துவிட்டேன். தோட்டத்து இணைப்பு பாசனத்துக்கென்று கொடுக்கப்பட்டது. அதில் வண்டிக்கு ஏற்றுவது விதிமீறல் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நேற்று நாங்கள் அவிநாசிக்கு வந்த வழியை ஒட்டித்தான் பெருமாநல்லூர் இருக்கிறது. பைசாக் கணக்கிலான மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்களில் மூன்று பேர் 1970இல் அங்கே துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் இந்த மண்ணில் எழுந்த அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் பின்னாளில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. அந்தக் கம்பியிலிருந்து ஒரு சொகுசு வண்டிக்கு ஒரு யூனிட்கூட எடுக்க எனக்குக் கை வராது. மாமாவும் கேட்டுக்கொண்டார். திண்ணைப் பக்கத்து வீட்டு இணைப்பில் மாட்டினோம்; ஆகும் தொகையை அத்தையிடம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

மூன்றாம் நாள்: ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு

இரவு முழுவதும் ஏற்றியதில் வீட்டு மீட்டரில் 22 யூனிட் ஓடியிருந்தது; மின்கலத்துக்குள் சேர்ந்தது 18.7 தான். பதினைந்து சதவீதம் வழியிலேயே போய்விட்டது. மெதுவாக ஏற்றினால் இழப்பு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஏற்றம் நடக்கும் நேரம் முழுவதும் வண்டிக்குள் கணினிகளும் குளிர்விப்புப் பம்புகளும் விழித்திருக்கின்றன. மணிக்கு இரண்டேகால் யூனிட் மட்டுமே வரும்போது அவை உண்ணும் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மூன்று பேஸில் 11 கிலோவாட் கொடுத்தால் அதே வேலை கால்வாசிக்கும் குறைவான நேரத்தில் முடிந்து இழப்பும் குறையும்.

ஆழியாறு அணையிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அணை 320 மீட்டர் உயரத்திலும் வால்பாறை ஏறத்தாழ 1,070 மீட்டரிலும் இருக்கின்றன. கிளம்பும் முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தேன்: 2,850 கிலோவை 750 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றல் ஆறு யூனிட்டுக்குச் சற்றுக் கீழே. மோட்டாரிலும் கம்பிகளிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் ஏழு. நாற்பது கிலோமீட்டர் உருள்வதற்கும் ஏசிக்கும் இன்னொரு ஐந்தாறு. மேலே சேர்ந்தபோது திரையில் 13.4 யூனிட் ஆகியிருந்தது. யூனிட்டுக்கு மூன்று கிலோமீட்டர். காகிதத்துக்கும் சாலைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. இருந்த சிறு இடைவெளியும் மழையால் வந்ததுதான். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனைக்கு மேல் சாரல் விடவேயில்லை. தண்ணீர் தேங்கிய சாலையில் டயர் அந்தத் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.

வண்டி ஏறிய விதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 765 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தொடக்கத்திலேயே கிடைப்பதால், வளைவில் ஏறக்குறைய நின்று எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட்டு மறுபடி கிளம்பும்போது கியர் தேடும் தடுமாற்றமோ உறுமலோ இல்லை. பின்னால் இருந்த அண்ணன் மகள் ஒருமுறைகூடத் தலைசுற்றல் என்று சொல்லவில்லை. செலவுக் கணக்கில் எழுத முடியாத வரவு இது.

அட்டகட்டியைத் தாண்டிப் போகும்போது அண்ணனுக்குக் காடம்பாறையைப் பற்றிச் சொன்னேன். இந்த மலைக்குள்தான் மாநில மின்வாரியத்தின் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. நான்கு இயந்திரங்களில் மொத்தம் 400 மெகாவாட். மின்சாரம் மிகுதியாக இருக்கும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி வைப்பார்கள். தேவை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவானது முழுவதும் திரும்பாது. நான்கில் மூன்று பங்கு அளவுக்குத் திரும்பும். நாங்கள் இன்று மலைமேல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் எடையும் அதே கணக்கில்தான் இருக்கிறது. “அப்படின்னா நாளைக்கு எறங்கறப்போ கொஞ்சம் கெடைக்குமா?” என்றார் அண்ணன். எவ்வளவு கிடைக்கும் என்பதை இப்போதே சொல்லாமல் நாளை பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

தங்குமிடத்தில் ஏற்ற வசதி இருந்தது. ஆனாலும் ஏற்ற வேண்டாம் என்றேன். மலை உச்சியில் மின்கலத்தை முழுதாக நிரப்பிவிட்டால், இறங்கும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வைக்க இடம் இருக்காது. அப்போது வண்டி சாதாரண பிரேக்கையே நம்பி இறங்கவேண்டிவரும். மலைப்பாதையில் வழக்கமாகப் போகிறவர்கள் மேலே எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது சிக்கனத்துக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் நல்லது.

நான்காம் நாள்: இறக்கம்

வால்பாறையிலிருந்து ஆழியாறு வந்து சேர்ந்தபோது மொத்தம் அரை யூனிட்தான் செலவு. அதுவும் மேட்டுப் பகுதிகளில் ஏறி இறங்கியதில் ஆனது. அட்டகட்டியிலிருந்து கீழே வந்த செங்குத்தான பகுதியில் மட்டும் இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்கலத்துக்குத் திரும்பியிருந்தது. அண்ணன் பிரேக்கைத் தொட்டது அபூர்வம். மோட்டாரே இழுத்துப் பிடித்தது. எதிரே மேலே ஏறிய வண்டிகளில் ஒன்றிலிருந்து கிளட்ச் கருகும் வாடை வந்துகொண்டிருந்தது.

ஏறியதும் இறங்கியதும் சேர்த்தால் யூனிட்டுக்கு 5.8 கி.மீ. முதல் நாள் நான்குவழிச் சாலையில் 80இல் ஓடியதைவிட இது நல்ல எண். மலை ஆற்றலைத் தின்கிறது என்ற பேச்சு டீசல் வண்டிக்குப் பொருந்தும். ஏறும்போது எரித்தது இறங்கும்போது அதற்கு வெறும் பிரேக் சூடாகத்தான் போகிறது. முப்பது, நாற்பது கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை மிகச் சிறியது என்பதும் மலைச்சாலைக்குச் சாதகம்.

அத்தை வீட்டில் ஓய்வெடுத்தபோது மற்றச் செலவுகளைப் பேசினோம். எஞ்சின் எண்ணெய், டீசல் வடிகட்டி போன்றவை கிடையாது. பிரேக் கட்டைகள் நெடுநாள் வரும். மின்கலத்துக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் மின்வாகனத்துக்கு 15 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது, ஆனால் இந்த விலையுள்ள வண்டியின் முழுக் காப்பீட்டில் அது தெரியவே தெரியாது. டயர்தான் கவனிக்கவேண்டியது: இரண்டரை டன் எடையும் உடனடி முறுக்குவிசையும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும். பெரிய சக்கரத்துக்கான நான்கு டயரையும் மாற்றினால், வீட்டில் ஏற்றும் மின்சாரத்தின் ஓராண்டுச் செலவைத் தாண்டிவிடும். அதனால் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை அண்ணனிடம் வற்புறுத்தினேன். உருளும் தடையும் தேய்மானமும் ஒரே வேலையில் குறையும். ஆண்டுதோறும் வண்டியின் மதிப்பு குறைவதை எடுத்துக்கொண்டால் மின்சாரச் செலவு அதற்கு முன்னால் மிகச் சிறியது. ஓடும் செலவு குறைவு என்பதற்காக மட்டும் இப்படி ஒரு வண்டியை யாரும் வாங்கக்கூடாது என்பது என் கருத்து.

ஐந்தாம் நாள்: உடுமலை, தாராபுரம், காங்கேயம் வழியாக ஈரோடு

இன்றுதான் காற்றின் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் திறந்து கிடக்கும் வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரையில் தடையில்லாமல் வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பூளவாடி, குடிமங்கலம் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கலாம்.

முதல் நாள் இந்தக் காற்றை எதிர்த்து ஓடினோம். இன்று அது முதுகில் இருந்தது. உடுமலையிலிருந்து தாராபுரம் வரை 80 கி.மீ. வேகத்தில் யூனிட்டுக்கு 7.2 கி.மீ. வந்தது. அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே எடை, அதே வேகம். முதல் நாள் 4.8. இறக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும் பெரும்பங்கு காற்றினுடையது. ஒரே ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு வண்டி கொடுக்கும் எண் இதுதான் என்று சொல்கிறவர்களின் பேச்சை நம்ப வேண்டாம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். போய்த் திரும்பிய சராசரிதான் உண்மைக்கு அருகில் வரும். காங்கேயம் தாண்டி ஈரோடு வந்தபோது, மொத்தச் சுற்று ஏறத்தாழ 450 கி.மீ.; மின்கலத்திலிருந்து செலவானது 83 யூனிட்; சராசரி 5.4.

ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட பத்து யூனிட். லிட்டருக்குப் பத்தரை ஓடிய அண்ணனின் பழைய வண்டி, அந்த அளவுகோலில் யூனிட்டுக்கு ஒரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இதை ஐந்து மடங்குத் திறன் என்று அப்படியே சொல்லிவிடக்கூடாது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மின்சாரமாகிறது. ஆனால் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வரும் யூனிட்டுக்கு அந்தக் கழிவு இல்லை. இந்தப் பகுதியில் பல பஞ்சாலைகளுக்கும் பின்னலாடை ஆலைகளுக்கும் சொந்தக் காற்றாலைகள் உண்டு. 250 கிலோவாட் பழைய காற்றாலை ஒன்று முழுவேகத்தில் ஒரு மணி நேரம் சுழன்றால் இந்த வண்டியை இரண்டு முறைக்கு மேல் நிரப்பிவிடும்.

இரவு உணவுக்குப் பிறகு அண்ணனிடம் கணக்கை வைத்தேன். இந்த 450 கி.மீ. முழுவதையும் பொது மின்னேற்ற நிலையத்தில் ஏற்றி ஓடியிருந்தால் 2,350 ரூபாய், கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 22 காசு. வீட்டில், மேல் படிகளின் சராசரி விலையில் ஏற்றியிருந்தால் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 1,030 ரூபாய். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 29 காசு. பழைய டீசல் வண்டியில் போயிருந்தால் நான்காயிரத்தைத் தொட்டிருக்கும். நிதானமாக 80இல் ஓட்டுவதால் கிடைக்கும் மிச்சம் பதினைந்து சதவீதம். எங்கே ஏற்றுகிறோம் என்பதில் இருக்கும் வித்தியாசம் இரண்டே கால் மடங்கு. அண்ணனின் வலது கால் செய்யும் சிக்கனத்தைவிட அவர் பிளக் மாட்டும் இடமும் நேரமும்தான் பில்லைத் தீர்மானிக்கின்றன.

“குடோன் கூரை சும்மாதானே கெடக்குது. அதுல சோலார் போட்டா என்ன ஆகும்?” என்றார். கொங்குப் பகுதி வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் அளவு தரும். வாழ்நாள் முழுவதுக்கும் வகுத்துப் பார்த்தால் யூனிட் மூன்று ரூபாய் அளவில் முடியும். இந்தப் பயணம் அப்போது முந்நூறு ரூபாய்க்குள் அடங்கியிருக்கும். அவர் வாரத்தில் பாதி நாள் பகலில் குடோனில்தான் இருக்கிறார். வண்டியும் அங்கேயே நிற்கிறது. பகல்நேர மின்சாரத்துக்கு மதிப்பு கொடுப்பது அரசின் போக்காகவும் இருக்கிறது: ஒன்றிய மின்துறையின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் பொது மின்னேற்ற நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டைக் கொண்டுசேர்க்க ஆகும் சராசரிச் செலவில்) 0.7 மடங்கும் மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் கட்டணம் என்று வகுத்திருக்கின்றன.

குடோனில் மூன்று பேஸ் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 11 கிலோவாட் சார்ஜருக்குப் பேஸ் ஒன்றுக்கு 16 ஆம்பியர்தான். எட்டு மணி நேரம் விடாமல் அந்தச் சுமை ஓடும் என்பதால் கம்பி 6 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும், தனி எர்த் குழி தோண்டட்டும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் சார்ஜருக்கென்று தனியாக இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். டைமரைக் காலை பத்து மணிக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீசியன் நாளை காலை அளவெடுக்க வருகிறார். கூரையின் தென்புறச் சரிவில் எத்தனை தகடு அமையும் என்பதை அப்போது நானும் போய்ப் பார்க்கிறேன்.